1860-க்கு அடித்து அம்மாவின் காசு போய்விட்டது. இது பிரீமியம் நம்பரா?

கேட்டவர்: பெரியாறு செல்வி

வணக்கம். எங்கள் அம்மா வண்டிப்பெரியாரில் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறார். முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பென்ஷன் மாதாமாதம் வங்கிக் கணக்கில் ஏறிவிடும். இந்த மாதம் ஏறவில்லை. நான் தேனியில் வேலை பார்க்கிறேன், உடனே மலையேற லீவு கிடைக்கவில்லை. "பாஸ்புக் பின்னட்டையில் ஒரு நம்பர் இருக்கும், அதற்கு அடித்துக் கேளுங்கம்மா" என்று நான்தான் சொன்னேன்.

அம்மாவின் போனில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்கிற ரீசார்ஜ்தான் போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் 40 நாள் பாக்கி இருக்கிறது. அப்படியிருந்தும் 1860 என்று ஆரம்பிக்கும் அந்த நம்பரை அடித்ததும் பேலன்ஸ் போதாது என்று மலையாளத்தில் சொல்லி வைத்துவிட்டது. அம்மா டவுனுக்கு நடந்து போய் 50 ரூபாய்க்கு டாப்-அப் போட்டார். ஏறியது 39 ரூபாய் 37 பைசா.

திரும்ப அடித்தார். மலையாளம், இந்தி, இங்கிலீஷ். தமிழ் இல்லை. அம்மாவுக்கு மலையாளம் நன்றாகத் தெரியும், அதனால் அது பரவாயில்லை. ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, பிறகு பாட்டு. நடுநடுவே "எல்லா ஊழியர்களும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள்". கடைசி வரை மனிதக் குரல் வரவேயில்லை. போன் தானாகவே கட் ஆனது. பேலன்ஸ் பார்த்தால் 2 பைசா.

ஐம்பது ரூபாய்தானே என்று யாரும் எழுத வேண்டாம். அந்த ஐம்பது ரூபாய் போனதும் தன்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது: 1860 என்பது பிரீமியம் நம்பரா? 1800 மாதிரி இதுவும் இலவசம் இல்லையா? போன காசு திரும்பக் கிடைக்குமா? வங்கியின் பெயரும் சிம் கம்பெனியின் பெயரும் இங்கே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

———

பதில்: கம்பம் ஜீப்

அக்கா, 18-ல ஆரம்பிக்கிற நம்பர் எல்லாமே ஃப்ரீதான். காசு போச்சுன்னா அது ஃப்ராடு. உடனே 1930-க்கு அடிச்சு சொல்லுங்க, அது சைபர் கிரைம் நம்பர், அதுக்குக் காசு கிடையாது. அம்மா ஓடிபி ஏதும் சொன்னாங்களா?

———

பெரியாறு செல்வி

இல்லை தம்பி. யாரும் பேசவே இல்லை என்கிறபோது ஓடிபி எங்கே? வங்கிக் கணக்கில் இருந்த பணம் அப்படியே இருக்கிறது. போன் பேலன்ஸ் மட்டும்தான் போனது.

———

பதில்: குமுளி பழைய பூத்

தங்கச்சி, அம்மாவோட போன்ல அந்தக் கால் எத்தனை நிமிஷம் ஓடியிருக்குன்னு பார்த்துச் சொல்லும்மா. நிமிஷம் மட்டும் போதாது, செகண்டும் வேணும். மத்ததை அப்புறம் பேசலாம்.

———

பெரியாறு செல்வி

பக்கத்து லயத்துப் பையனை விட்டுப் பார்க்கச் சொன்னேன் அண்ணே. 26 நிமிடம் 14 செகண்ட்.

———

பதில்: குமுளி பழைய பூத்

அப்படின்னா அம்மாவை யாரும் ஏமாத்தலைம்மா. முதல்ல அதை அவங்ககிட்ட சொல்லிரு, நிம்மதியா சாப்பிடட்டும். கணக்கு பாரு.

26 நிமிஷம் 14 செகண்ட்னா 1574 செகண்ட். பேக்குக்கு வெளியில சாதாரணக் கால் கட்டணம் பல கம்பெனியில செகண்டுக்கு 2.5 பைசா. பெருக்கு: 3935 பைசா. அதாவது 39 ரூபாய் 35 பைசா. ஏறினது 39.37, மிச்சம் 2 பைசா. அடுத்த செகண்டுக்கு இரண்டரை பைசா வேணும், கையில இருக்கிறது இரண்டு, லைன் கட் ஆயிருச்சு. ஒரு பைசா கூட இடிக்கலை. பிரீமியம் நம்பரா இருந்திருந்தா நாலஞ்சு நிமிஷத்துலயே அந்தக் காசு கரைஞ்சிருக்கும்.

நான் குமுளியில செக்போஸ்ட் பக்கத்துல 1994-லிருந்து எஸ்.டி.டி. பூத் (காசு கொடுத்து வெளியூருக்குப் பேசுற கடை) வெச்சிருந்தவன். இப்ப அதே ரூம்ல ரீசார்ஜ், ஜெராக்ஸ். பூத் காலத்துல எங்க கண்ணு முழுக்க மீட்டர்லதான் இருக்கும். சிவப்பு எழுத்துல நம்பர் ஓடும். பேசுறது பக்கத்து ஊருன்னா மெதுவா ஓடும், மெட்ராஸ்னா ஓட்டமா ஓடும், ஃபாரின்னா பார்க்கவே பயமா இருக்கும். அதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான்: எந்த நம்பரா இருந்தாலும் காசு யார் பையிலிருந்து கிளம்பி யார் பையில விழுதுன்னு கேட்டுப் பாரு. அது தெரிஞ்சா, நம்மளைக் காக்க வெச்சா யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம்னும் தெரிஞ்சிரும்.

1800-ஐ எடுத்துக்க. அதுல கூப்பிடுறவங்க காசு கொடுக்கிறதில்லை, கூப்பிடப்படுற ஆபீஸ் கொடுக்குது. 1800 நம்பருக்குன்னு தனியா வயர் கிடையாது. நாம அடிச்சதும் டெலிபோன் கம்பெனியோட கம்ப்யூட்டர் ஒரு பட்டியலைப் பார்த்து, "இதுக்கு நிஜ நம்பர் இன்னது"ன்னு கண்டுபிடிச்சு அங்க திருப்பி விடும். யார் காசு கட்டணும்ங்கிறதும் அதே பட்டியல்ல இருக்கு. நம்ம சிம் கம்பெனிக்கு உண்டானதை அந்த 1800 நம்பரைக் கொடுத்த கம்பெனி தருது, அது ஆபீஸ்கிட்ட வசூல் பண்ணிக்குது. அதனால பாட்டுப் போட்டு நம்மளைக் காக்க வெச்சாலும் ஓடுறது அவங்க மீட்டர்தான். பூத்துல யாராவது வந்து இந்த நம்பரை அடிச்சா என் மீட்டர்ல சைபர்தான் நிக்கும். ஏலக்கா கமிஷன் மண்டிக்காரங்க, ஏதாவது மெஷின் ரிப்பேருக்குக் கம்பெனியைக் கூப்பிடணும்னு வந்து அரை மணி நேரம் உள்ள நிப்பாங்க. எனக்கு அதுல வருமானம் கிடையாது, ஆனா ஒரு நாளும் காசு கேட்டதில்லை.

அப்ப இந்த நம்பர் 1600-னு இருந்துச்சு, பின்னாலதான் 1800 ஆச்சு. பி.எஸ்.என்.எல். கொடுத்த இலவச நம்பரை வேற கம்பெனி மொபைல்ல அடிச்சா போகாத காலமும் உண்டு. 2006-ல டிராய் (டெலிபோன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற அமைப்பு) ஒரு ஒழுங்குமுறை கொண்டு வந்து, எந்தக் கம்பெனி லைன்லிருந்தும் எந்தக் கம்பெனி இலவச நம்பருக்கும் போகணும்னு வழி பண்ணுச்சு. அந்தப் பழைய 1600-ஐ இப்ப வேற வேலைக்குக் கொடுத்திருக்காங்க: 2024-லிருந்து பேங்க், இன்ஷூரன்ஸ் மாதிரி இடங்க நம்மளைக் கூப்பிடுறதுக்கு. விளம்பரக் கால்னா 140-ல வரும். இதையெல்லாம் 1800-ஓட போட்டுக் குழப்பிக்காதீங்க, இந்த ரெண்டும் அவங்க நம்மளைக் கூப்பிடுற நம்பர்.

இப்ப 1860. இது இலவசமும் இல்லை, பிரீமியமும் இல்லை, பங்கு நம்பர். எஸ்.டி.டி. காலத்துல இதுக்கு ஒரு நல்ல நியாயம் இருந்துச்சு. நாடு முழுக்க ஒரே நம்பர், எந்த ஊர்லிருந்து அடிச்சாலும் அடிக்கிறவங்க உள்ளூர்க் கால் காசு மட்டும் கொடுப்பாங்க, தூரத்துக்கு உண்டான மிச்சத்தை ஆபீஸ் கொடுக்கும். வண்டிப்பெரியார்லிருந்து பாம்பே ஆபீஸுக்கு உள்ளூர்க் காசுல பேசலாம்னா அன்னைக்கு அது பெரிய உபகாரம். இன்னைக்கு உள்ளூர், வெளியூர்னு பேதமே போயிருச்சு, கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் ஒரே கட்டணம். அவங்க ஏத்துக்கிட்ட தூரக் காசுக்கு அர்த்தமே இல்லை. நாம கொடுக்கிற உள்ளூர்க் காசு மட்டும் நின்னுக்கிட்டிருக்கு. போதாக்குறைக்கு, அளவில்லாத பேக்கோட விதிமுறையில சின்ன எழுத்துல "சிறப்பு எண்கள் இதில் அடங்காது"ன்னு போட்டிருப்பாங்க. பல கம்பெனியில 1860 அதுலதான் வந்து சேரும். அம்மாவுக்கு 40 நாள் பேக் இருந்தும் பேலன்ஸ் கேட்டது அதனாலதான்.

எனக்கு இதுல கோபம் எங்கன்னா, அந்தப் பாஸ்புக்கு மேலதான். என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் பென்ஷன்காரங்க. அவங்க கொண்டு வர்ற பாஸ்புக்கு, ஏ.டி.எம். கார்டு எல்லாத்தையும் திருப்பிப் பார்த்திருக்கேன். ஒரே பேங்க் ரெண்டு நம்பரும் வெச்சிருக்கும். சிலதுல 1860 கொட்டை எழுத்துல இருக்கும், 1800 எங்கயோ ஓரத்துல. 1860-க்கு எதிர்ல "கட்டணம் உண்டு"ன்னு ஒரு வார்த்தை கிடையாது. கொழுந்துக் கூடை சுமந்த கைக்கு அந்த ஒரு வார்த்தையை எழுதி வைக்க இவ்வளவு பெரிய பேங்குக்கு முடியாதா? கிளைக்குப் போறப்ப இதை எழுத்துல கொடும்மா. நானும் என் பங்குக்கு ரெண்டு தடவை கொடுத்திருக்கேன்.

பிரீமியம்னா என்னன்னும் சொல்லிடுறேன், ஏன்னா அங்க காசு போற திசையே வேற. நாம சாதாரணக் கட்டணத்தை விட அதிகமாக் கொடுப்போம், சிம் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கிட்டு மிச்சத்தை நாம கூப்பிட்ட ஆளுக்கே கொடுக்கும். ராசி பலன், பாட்டு, போட்டின்னு அஞ்சாறு இலக்கச் சின்ன நம்பர்ல ஒரு காலத்துல ஓடுச்சு. டிவியில ஒரு நடிகரோட முகத்தைக் கலைச்சுப் போட்டு "இவர் யார்"னு கேப்பாங்க, பச்சைப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அடிச்சா லைன்ல வெச்சிருவாங்க. நம்மளைக் காக்க வெச்ச ஒவ்வொரு நிமிஷமும் அவங்களுக்கு வருமானம். 1800-க்கு நேர் எதிர் இதுதான்.

1998-ல ஒரு சம்பவம். ஏலப்பாறைப் பக்கத்துப் பையன், இருபது வயசு இருக்கும். பேப்பர்லிருந்து கிழிச்ச ஒரு துண்டோட வந்தான். "நண்பர்களுடன் பேசுங்கள்"னு விளம்பரம், கீழ 00-ல ஆரம்பிக்கிற நம்பர். அது ஃபாரின் நம்பர்னு அவனுக்குத் தெரியலை, அன்னைக்கு அதைக் கவனிக்காம விட்டது என் தப்பு. கதவைச் சாத்திக்கிட்டுப் பேச ஆரம்பிச்சான். நான் கஸ்டமர் ஒருத்தருக்குச் சில்லறை கொடுத்துட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், மீட்டர் முன்னூறைத் தாண்டி ஓடுது. கண்ணாடியைத் தட்டி வைக்கச் சொன்னப்ப 412 ரூபாய். அவன் சட்டைப் பையில 60 ரூபாய். கையிலிருந்த வாட்சைக் கழட்டி மேஜை மேல வெச்சான், வெளிய வர்ற வரைக்கும் தலையைத் தூக்கவே இல்லை. மூணு மாசம் தவணையில கட்டி வாட்சைத் திருப்பிக்கிட்டான். "அந்தப் பக்கம் யார்தான் பேசுனாங்க"ன்னு கேட்டேன். "ரெக்கார்டுண்ணே, காத்திருங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு"ன்னான்.

எங்கயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டெலிபோன் கம்பெனிக்கு நம்ம ஐ.எஸ்.டி. காசுல ஒரு பங்கு போகும், அது விளம்பரம் கொடுத்தவனுக்கு அதுல ஒரு பங்கு கொடுக்கும். இன்னைக்கு வர்ற ஃபாரின் மிஸ்டு காலும் அதே வித்தைதான். ஒரே ஒரு மணி அடிச்சு வெச்சிருவான், நாம திருப்பி அடிக்கணும்னு. ஜப்பான்ல இதுக்கு "வாங்கிரி"ன்னே பேர், ஒரு மணி அடிச்சு வெட்டுறதுன்னு அர்த்தம். +91 இல்லாத தெரியாத நம்பருக்குத் திருப்பி அடிக்கவே கூடாது, அம்மாகிட்ட அழுத்திச் சொல்லு.

காசு திரும்ப வருமான்னு கேட்டே. நேர்மையாச் சொல்றேன், வராது. கட்டணம் விதிப்படிதான் போயிருக்கு. ப்ரீபெய்டுக்கும் கால் வாரியா விவரம் கேட்டு வாங்கலாம், அதுக்கு 50 ரூபாய் வரைக்கும் அவங்க வாங்கலாம்னு விதி இருக்கு. கணக்குதான் பொருந்திருச்சே, இன்னொரு ஐம்பதைத் தொலைக்காதே. ஒருவேளை கேக்காத காலர் டியூன், ஜோசியம்னு ஏதாவது ஏறி தினமும் காசு போச்சுன்னா அது வேற வழக்கு. அதுக்கு நம்மகிட்ட ரெண்டு தடவை சம்மதம் வாங்கணும்னு 2013-லயே டிராய் உத்தரவு இருக்கு. 155223-க்கு அடிச்சு நிறுத்திட்டு, 198-ல புகார் கொடு. ரெண்டுமே இலவசம். புகார் நம்பரை எழுதி வை. அவங்க தீர்க்கலைன்னா 30 நாளுக்குள்ள அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம், அதுக்கும் காசு இல்லை.

இப்ப செய்ய வேண்டியது: பேங்கோட சொந்த வெப்சைட்ல போய் 1800 நம்பரை எடுத்து அம்மாவுக்குக் கொடு. கூகிள்ல "கஸ்டமர் கேர்"னு தேடி வர்ற பத்து இலக்க மொபைல் நம்பரை மட்டும் எடுத்துராதே. அதுக்கு அடிச்சா பேலன்ஸ் போகாது, பேங்க்ல இருக்கிறதே போயிரும். ஜீப் தம்பி சொன்ன 1930 அந்த மாதிரி சமயத்துக்குத்தான்.

———

பதில்: பீர்மேடு நர்ஸ்

பூத் அண்ணன் சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் பீர்மேடு, இப்போது இங்கிலாந்தில் வேலை. வந்த புதிதில் எனக்கும் இதே குழப்பம்தான். இங்கே 0800, 0808 இரண்டும் இலவசம். முன்பு மொபைலில் அடித்தால் அதற்கும் காசு பிடிப்பார்களாம், 2015 ஜூலை 1 முதல் மொபைலிலும் இலவசம் ஆக்கிவிட்டார்கள். 03 என்றால் சாதாரண லேண்ட்லைன் கட்டணம், பேக்குக்குள் அடங்கிவிடும். 084, 087 நடுவாந்திரம். 09 தான் பிரீமியம்: நிமிடத்துக்கு 3 பவுண்டு 60 பென்ஸ் வரை வாங்கலாம்.

எனக்குப் பிடித்தது எதுவென்றால், அதே 2015 மாற்றத்தில் கட்டணத்தை இரண்டாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போன் கம்பெனி எடுப்பது ஒன்று, நாம் கூப்பிடும் ஆபீஸ் வைத்திருப்பது ஒன்று. நம்பரை விளம்பரம் செய்யும் இடத்திலேயே "இந்த அழைப்புக்கு நிமிடத்துக்கு இத்தனை பென்ஸ், அத்துடன் உங்கள் போன் கம்பெனியின் கட்டணம்" என்று போட்டிருக்க வேண்டும். செல்வி அக்காவின் அம்மா பாஸ்புக்கில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் அவர் டவுனுக்கு நடந்து போயே இருக்க மாட்டார். என் அம்மாவும் லயத்தில்தான் இருந்தார், அதனால் சொல்கிறேன்.

———

பதில்: கம்பம் ஜீப்

பூத் அண்ணே, நான் தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க அக்கா. இவ்வளவு நாள் 18 எல்லாமே ஃப்ரீன்னு நம்பிக்கிட்டிருந்தேன்.

இன்னொரு சந்தேகம். நான் தினம் காலையில கம்பத்துலேர்ந்து கம்பம்மெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போறவன். மேல ஏற ஏற டவர் மாறும், ஒரு வளைவுல தமிழ்நாடு, அடுத்த வளைவுல கேரளா. போன மழையில ஒரு அக்காவுக்கு நெஞ்சு வலி வந்து 108 அடிச்சேன். நாங்க நின்னது நம்ம பக்கம், எடுத்தது கேரளாப் பக்கம். மலையாளத்துல இடம் கேட்டாங்க. பாவம், நல்லாத்தான் பேசினாங்க, ஆனா அஞ்சு நிமிஷம் போச்சு. கடைசியில ஜீப்பிலயே கம்பம் ஜி.எச்.சுக்குக் கொண்டு போயிட்டேன், அக்கா நல்லாயிட்டாங்க. சில 1800 நம்பரும் மேல போனா கிடைக்கிறதில்லை. ஏன் அப்படி?

———

பதில்: குமுளி பழைய பூத்

மன்னிப்பெல்லாம் எதுக்கு தம்பி. அந்த அக்காவை நேரத்துக்குக் கொண்டு போனதே பெருசு.

108 மாதிரிச் சின்ன நம்பருக்கு ஊர் கிடையாது. போன் எந்த டவரைப் பிடிச்சிருக்கோ அந்தப் பகுதிக்கு எது கட்டுப்பாட்டு அறையோ அங்க போகும். எல்லையில நாம எந்தப் பக்கம் நிக்கிறோம்ங்கிறது கணக்கில்லை, போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடிச்சிருக்குங்கிறதுதான் கணக்கு. அதனால ரெண்டு பக்கத்து ஆஸ்பத்திரியோட லேண்ட்லைன் நம்பரையும் எஸ்.டி.டி. கோடோட போன்ல ஏத்தி வை. கம்பம் பக்கம் 04554, குமுளி பீர்மேடு பக்கம் 04869. முழு நம்பரை எந்த வளைவுல நின்னு அடிச்சாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும்.

1800 கிடைக்காததுக்குக் காரணம் காசு. காசு கொடுக்கிறது அவங்கன்னா, எந்த வட்டாரத்துலேர்ந்து வர்ற காலை எடுக்கிறதுன்னும் அவங்களே சொல்லி வெக்கலாம். ஒரு மாநிலத்துக்கு மட்டும்னு வாங்கின நம்பரா இருந்தா அடுத்த மாநிலத்துலேர்ந்து அடிச்சா போகாது. அப்படி வந்தா சிம்மைக் குறை சொல்லாதே.

———

பெரியாறு செல்வி

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு, திங்கள் வரை அம்மாவுடன் இருந்தேன். 26 நிமிடம் 14 செகண்ட் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அம்மா இரண்டாவது வரை படித்தவர், ஆனால் கொழுந்து எடைக் கணக்கில் கங்காணியே அவரிடம் தோற்றுப் போவார். விரல் வைத்துப் பெருக்கிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் எடுத்திருக்கான்" என்றார்.

திங்கள்கிழமை காலை வங்கியின் வெப்சைட்டில் இருந்து எடுத்த 1800 நம்பருக்கு அம்மாவே அடித்தார். முதலில் 10 ரூபாய் டாப்-அப் போட்டுத் தாருங்கள் என்று பிடிவாதம் பிடித்தார், பேலன்ஸ் இல்லாமல் அடிக்கவே மாட்டேன் என்று. போட்டேன், 7 ரூபாய் 47 பைசா ஏறியது. பதினெட்டு நிமிடம் காத்திருந்த பிறகு ஒரு பெண் பேசினார். வங்கிக்கே பணம் வரவில்லை, உயிர்வாழ் சான்று கொடுத்து ஒரு வருடம் தாண்டியிருக்கும், பாருங்கள் என்றார். அதுதான் விஷயம். அன்றைக்கே அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) கைரேகை வைத்துக் கொடுத்துவிட்டோம். கிளையில் பாஸ்புக் நம்பர் பற்றி எழுத்தில் கொடுத்து, நகலில் சீலும் வாங்கிக்கொண்டேன்.

போனை வைத்ததும் அம்மா முதலில் செய்த வேலை பேலன்ஸ் பார்த்தது. 7 ரூபாய் 49 பைசா. பழைய 2 பைசாவும் சேர்ந்து அப்படியே இருந்தது.